உணவு இடைவேளை குறித்த ஓர் இணைய ஆய்வு

ஊழியர் ஒவ்வொருவரும் இணையத்தில் தேடத் தெரிந்தவராக இருத்தல் வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்து, அந்த முடிவைத் தபாலில் அனுப்பி வைத்தது. தபால் பதினாறாம் நாள் வந்து சேர்ந்தது. அதைப் பிரித்து, தேதி முத்திரை குத்தி, வரவுப் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றியவள் தபால் அக்கா. அந்தச் சான்றிதழ் அலுவலகத்துக்குள் எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை, அதே முத்திரை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருந்தது.

சுற்றறிக்கையின் மூன்றாவது பத்தியை, முத்திரையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தாள். பயிற்சியில் தேறாதவர்கள் ஊருக்கு வெளியே உள்ள பழைய கோப்புக் கிடங்குக்கு மாற்றப்படுவார்களாம். மற்றவர்களுக்கு அது வெறும் மாற்றல். அவளுக்கு அப்படியில்லை. வீடுகளுக்கு வர்ணம் பூசும் அவள் கணவர் பத்து நாள் முன்னால் ஏணியிலிருந்து விழுந்து, இடது காலில் தொடை வரை மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பன்னிரண்டு வாரம் அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வீடு அலுவலகத்துக்குப் பின்னால் மூன்றாவது தெரு. மதியம் ஒரு மணிக்கு மணி அடித்ததும் தபால் அக்கா ஓடுவாள். சாப்பாடு கொடுத்து, மாத்திரை கொடுத்து, கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், மறுபடி படுக்க வைத்துவிட்டு ஒன்றரைக்கு மேசைக்குத் திரும்பிவிடுவாள். கிடங்குக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். அங்கே தூக்கிப் போட்டுவிட்டால் அந்த மனிதர் பகல் முழுக்கத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லாமல் கிடக்க வேண்டியதுதான்.

ஆகவே வகுப்பில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பாடம் நடத்த வந்தவர் சின்ன வயசுக்காரர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கையேடு. யார் எதைச் சொன்னாலும் "அதுக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்பார். இன்றைக்கு வெயில் அதிகம் என்று கண்காணிப்பாளர் பேச்சுக்குச் சொல்லப்போக, அதற்கும் ஆதாரம் கேட்டார். கண்காணிப்பாளர் தன் சட்டையின் ஈர முதுகைத் திருப்பிக் காட்டினார். அது செல்லாது என்றார். அன்று சாயங்காலத்துக்குள் அவருக்கு ஆதாரம் சார் என்று பெயர் நிலைத்துவிட்டது.

முதல் வாரம் கட்டடத்துக்கு இணைய இணைப்பு வரவில்லை. கல்வி தடைபடக்கூடாது என்பதால் ஆதாரம் சார் கரும்பலகையில் சாக்பீஸால் தேடுபெட்டி ஒன்றை வரைந்தார். மாணவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய் அந்தப் பெட்டிக்குள் தங்கள் கேள்வியை எழுத வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் தலையை வட்டமாகச் சுற்றுவார். பிறகு கையேட்டைப் பார்த்துப் பத்து முடிவுகளை வாயால் சொல்வார். கையேட்டில் இல்லாததைக் கேட்டால், இணைப்புத் துண்டிக்கப்பட்டது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார். வகுப்பில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், இணையம் இவ்வளவு சுலபம் என்று இத்தனை நாள் தெரியாமல் போச்சே என்று.

இரண்டாம் வாரம் நிஜ இணைப்பு வந்தது. சுலபம் போய்விட்டது.

தபால் அக்கா முதன்முதலாகத் தேடிய சொல் "எலும்பு". கணவர் ஞாபகம்தான். இயந்திரம் கண்மூடித் திறப்பதற்குள் இருபத்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம் முடிவுகளைக் கொண்டுவந்து கொட்டியது. வெளியிலிருந்து வரும் எதையும் எண் போடாமல் அடுத்த கைக்குக் கொடுக்கக் கூடாது என்பது தபால் பிரிவின் அடிப்படை. அவள் வரவுப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றாம் முடிவிலிருந்து ஏற்ற ஆரம்பித்தாள்: அனுப்பியவர், தேதி, பொருள், இணைப்புகள். சாயங்காலம் அறுபத்தொன்று முடிந்திருந்தது. கண்காணிப்பாளர் வந்து பார்த்து மெச்சி, பதிவேடு தீர்ந்துவிடும் போலிருக்கிறது என்று கூடுதலாக நாற்பது பதிவேடுகள் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார்.

மூன்றாம் நாள் ஒரு பக்கத்தைத் திறந்தபோது, நாங்கள் தரும் குக்கீகளை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று திரை கேட்டது. குக்கீ என்றால் என்ன என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் வெளியார் தரும் எதையும் ஊழியர் அனுமதியின்றி ஏற்கக் கூடாது என்று நடத்தை விதியில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். முறைப்படி குறிப்பு எழுதி மேலதிகாரிக்கு வைத்தார்கள். பதில் வந்தது: "ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். கோப்பை நிலுவையில் வைக்கவும்." நான்கு நாள் அந்தத் திரை அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

அதற்கடுத்த பக்கம், நான் ரோபோ அல்ல என்று உறுதிமொழி கேட்டது. தன்னைப் பற்றித் தானே சான்று கொடுத்துக்கொள்ள முடியுமா? அந்த அலுவலகத்தின் தொழிலே சான்றிதழ் கொடுப்பதுதான். அவர்களுக்கே தெரியாதா என்ன. தபால் அக்கா தன் பணிப்பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனாள். அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறந்த தேதி இருந்தது, உயரம் இருந்தது, வலது கன்னத்து மச்சம் இருந்தது. மனிதர் என்று எங்கும் போடவில்லை. பார்வைக்கு மனிதர் போலத் தெரிகிறார் என்று எழுதி, முத்திரை வைத்து, ஆறு மாதம் மட்டும் செல்லும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இப்படியாக மூன்று வாரம் ஓடியது. தேர்வும் வந்தது.

ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் உள்ள கேள்விக்கு இணையத்தில் ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். கண்காணிப்பாளருக்கு உலகிலேயே உயரமான மலை வந்தது. கணக்குப் பிரிவுக்காரருக்குத் திமிங்கிலத்தின் எடை. தபால் அக்கா தன் சீட்டைப் பிரித்துப் பார்த்து, தெய்வமே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "இவ்வலுவலகத்தின் உணவு இடைவேளை நேரம் யாது?" என்று இருந்தது. மறுநிமிஷம், பிற்பகல் 1.00 முதல் 1.30 வரை என்று எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

ஆதாரம் சார் பூஜ்யம் போட்டார்.

"எதுக்கு சார் பூஜ்யம்? இதுல என்ன தப்பு?" என்று கேட்டாள்.

"ஆதாரம் எங்கே?"

"இருபத்திரண்டு வருஷமா ஒரு மணிக்கு எழுந்து சாப்பிடப் போறேன் சார். ஒன்றரைக்குத் திரும்பி வர்றேன்."

"அது அனுபவம். அனுபவத்துக்கு லிங்க் இருக்கா?"

"மணி அடிக்கிறது உங்க காதுலயும் விழுதே சார்."

"விழுது. ஆனா கையேடு ஒன்பதாம் பக்கத்துல என்ன போட்டிருக்கு? ஆய்வாளர் கண்டது, கேட்டது, அனுபவிச்சது எதுவும் ஆதாரமாகாது. குறைஞ்சது அஞ்சு இணைய ஆதாரம் வேணும். உங்களுக்காக ஒரு வாரம் தர்றேன்க்கா. அதுக்கப்புறம் என் கையில இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். அவர் இவரிடம் ஆதாரம் கேட்பார்.

தபால் அக்கா தேடினாள். அலுவலகத்தின் சொந்த இணையதளம் பராமரிப்பில் இருப்பதாகச் சொன்னது. ஐந்து வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. உணவு இடைவேளையை நிர்ணயித்த பழைய ஆணை ஒன்று கட்டாயம் இருக்கும் என்று ஆவண அறைக்குப் போனாள். ஆணையின் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவதாக ஆவண அறைக்காரர் சொன்னார். எண் எங்கே இருக்கும் என்று கேட்டாள். ஆணையில் இருக்கும் என்றார்.

நான்காம் நாள்தான் அந்த இடம் கண்ணில் பட்டது. ஊர் வரைபடத்தில் அலுவலகத்தின் மேல் விரலை வைத்தால், அங்கே வந்துபோன பொதுமக்கள் எழுதிவைத்த கருத்துகள் விரிந்தன. இருநூற்றுப் பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். ஐந்துக்கு ஒன்றே கால் நட்சத்திரம். வரவு என்று பார்த்தால் இதுவும் வரவுதானே, இத்தனை வருஷமாக முத்திரை குத்தப்படாமல் கிடக்கிறதே என்று அவள் பதிவேட்டை எடுத்தாள்.

"காலை 11.10. சாப்பாட்டு நேரம் என்றார்கள்."

"மாலை 3.40. சாப்பிட்டுவிட்டு வருவார், உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். அலுவலகத்தைப் பூட்டும்போது எழுப்பினார்கள்."

"காலை 10.20. அதிகாரி இன்னும் வரவில்லை. வந்ததும் சாப்பிடப் போய்விடுவார், அதனால் நாளை வாருங்கள் என்று நல்ல மனதோடு எச்சரித்தார்கள். நன்றி."

எழுபத்தாறாவது கருத்தில் ஒரு படம் இருந்தது. காலியான நாற்காலி, அதன் முதுகில் தொங்கும் ஊதாக் கைப்பை. தபால் அக்கா திரும்பித் தன் நாற்காலியைப் பார்த்தாள். பை அங்கேதான் தொங்கியது. படத்துக்குக் கீழே, "தபால் பிரிவு அம்மா மணி அடித்ததும் என் மனுவை மேசையில் போட்டுவிட்டு ஓடிவிட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. தான் ஓடியது எதற்கு என்று அந்த ஆளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவன் பார்த்ததும் பொய்யில்லையே என்றும் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, எழுபத்தாறு என்று எண் போட்டு ஏற்றினாள்.

மொத்தம் நூற்று முப்பத்தொன்று பேர் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒன்றுக்கொன்று நேரம் ஒத்துப்போகவில்லை. இப்படி வந்தால் என்ன செய்வது என்று கையேட்டைப் பார்த்தாள். ஆதாரங்கள் மாறுபடும்போது எதையும் விலக்காமல், அனைத்தையும் உள்ளடக்கிய முடிவுக்கு வருதலே முறையான ஆய்வு என்று பதினோராம் பக்கம் சொன்னது. மிக முந்திய நேரம் காலை 10.20. மிகப் பிந்திய நேரம் மாலை 4.50. கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

மறுநாள் மதியம் கணவருக்குச் சாப்பாடு கொடுக்கும்போது அறிக்கையைப் படித்துக் காட்டினாள். அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"என்னம்மா இது, பொய் எழுதி வச்சிருக்க?"

"பொய் இல்லீங்க. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருக்கு."

"அப்ப உண்மையா?"

"அது பாடத்திட்டத்துல இல்ல," என்றாள் அவள். "நான் தேறலைன்னா உங்களை யாரு எழுப்பி உட்கார வைப்பாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் வைத்த கவளத்தை மறுபடி எடுத்தார். சாப்பிட்டார்.

"இவ்வலுவலகத்தின் உணவு இடைவேளை முற்பகல் 10.20 முதல் பிற்பகல் 4.50 வரை" என்ற முடிவோடும், நூற்று முப்பத்தொரு ஆதாரங்களோடும் அறிக்கை போய்ச் சேர்ந்தது. ஆதாரம் சார் அதை இரண்டு முறை படித்தார். ஐந்து கேட்ட இடத்தில் நூற்று முப்பத்தொன்றா என்றார். நூற்றுக்கு நூறு போட்டார். மலையின் உயரத்துக்கு மூன்றே ஆதாரம் காட்டிய கண்காணிப்பாளர் கிடங்குக்குப் போனார்.

அறிக்கையை மேலதிகாரி படிக்காமல் பரிந்துரைத்தார். அவருக்கு மேலே இருந்தவர் பரிந்துரையைப் படித்துவிட்டு ஒப்புதல் கொடுத்தார். ஒன்பதே நாளில், அந்தத் துறையின் சரித்திரத்தில் இல்லாத வேகத்தில், ஆணை வந்தது. முறையான ஆய்வின் வாயிலாகக் கண்டறியப்பட்ட உணவு இடைவேளை நேரம் இதனால் முறைப்படுத்தப்படுகிறது. ஏனைய நேரத்தில் ஊழியர் அனைவரும் தவறாமல் இருக்கையில் இருத்தல் வேண்டும். அதையும் தபால் அக்காதான் முத்திரை குத்தி ஏற்றினாள்.

அலுவலக நேரம் பத்திலிருந்து ஐந்து. அதில் இடைவேளை போக, காலையில் இருபது நிமிஷமும் மாலையில் பத்து நிமிஷமும் மிஞ்சின. முதல் நாள் எல்லாரும் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டார்கள். இரண்டாம் நாள் சங்கச் செயலாளர் விஷயத்தைப் புரிந்துகொண்டார். இதுவரை எவ்வளவு நேரம் வேலை என்று திட்டவட்டமாக யாருக்கும் தெரியாது. இப்போது முப்பது நிமிஷம் என்று எழுத்திலேயே வந்துவிட்டது. அந்த முப்பது நிமிஷமும் வேலை செய்தே ஆகவேண்டும். இது கடுமையான பணிச்சுமை என்று வாயிலில் நின்று கோஷம் போட்டார்கள். கோஷத்தை உணவு இடைவேளையில் போட்டதால் யார் மீதும் நடவடிக்கை எடுக்க முடியவில்லை.

மக்கள் பொங்கி எழுவார்கள் என்று மேலதிகாரி பயந்து, புகார்ப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினார். இரண்டு வாரம் கழித்துத் திறந்தார். புகார் ஒன்றுகூட இல்லை. நன்றிக் கடிதங்கள் ஏழு இருந்தன. இப்போதெல்லாம் பத்து மணிக்கு வந்தால் ஆள் நிச்சயமாக இருக்கிறார்கள், நிர்வாகம் வெகுவாக முன்னேறிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். வரைபடத்தில் நட்சத்திரம் நாலரைக்கு ஏறியது. மேலிடம் மகிழ்ந்துபோய், தபால் அக்காவின் அறிக்கையை மாதிரி ஆய்வு என்று இணையத்தில் ஏற்றி, பயிற்சி பெறும் அத்தனை துறைகளுக்கும் அனுப்பியது.

தபால் அக்காவுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. அவளுக்குப் பகல் முழுக்க வீட்டில் வேலை இருந்தது. கணவருக்கு வேளைக்குச் சூடாகச் சாப்பாடு கொடுத்தாள், முதுகு துடைத்துவிட்டாள், பேச்சுத்துணைக்கு உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பகலில் ஒன்றாக இருந்ததில்லை என்று அவர் சொன்னார். அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. பன்னிரண்டு வாரமும் முடிந்தது.

மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில் வாடகை வண்டி பிடித்து, வண்டிக்காரரும் அவளுமாக அவரைத் தூக்கி, நீட்டிய காலை முன்சீட்டின் மேல் சாத்தி, மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். கட்டுக்குள் ஒரு வாரமாக அரிப்பு. ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இன்னும் ஒரு மணி நேரம்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். மணி பத்து நாற்பது. எலும்புப் பிரிவின் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பாட்டு நேரம்க்கா. நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு வாங்க. ஒன்பதே முக்கால் வரைக்கும் இருப்போம்."

"இப்பதானேம்மா திறந்திருக்கீங்க? அதுக்குள்ள என்ன சாப்பாடு?"

"ஆய்வு பண்ணித்தான்க்கா முடிவாச்சு. நான்தான் பண்ணேன். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு." அந்தப் பெண் பெருமையோடு திரையைத் திருப்பிக் காட்டினாள். ஆதாரங்கள் வரிசையாக இருந்தன. முதல் ஆதாரமாகச் சான்றிதழ் அலுவலகத்தின் மாதிரி ஆய்வு இருந்தது.

தபால் அக்கா, வாசலில் வாங்கிய சக்கர நாற்காலியைத் திருப்பப் போனாள். கணவர்தான், பெருமையிலா வலியிலா தெரியவில்லை, அதில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார். "அதை எழுதினது இவதாம்மா. என் வீட்டுக்காரி."

ஜன்னலில் இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். உள்ளே ஓடி எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒருவர் நாற்காலி போட்டார், ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், நாலு பேர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக, கட்டு வெட்டுகிறவர் கையில் வெட்டும் மிஷினோடு வந்து, உங்களால்தான் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம் என்று சொன்னார். தபால் அக்கா அவர் கையிலிருந்த மிஷினைப் பார்த்தாள். கணவரின் காலைப் பார்த்தாள்.

"தம்பி, நீங்களும் இருக்கீங்க, மிஷினும் இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. மனுஷன் ரொம்பத் தவிக்கிறாரு. கொஞ்சம் வெட்டி விட்டுடுங்களேன்."

அவர் முகம் வாடிப்போயிற்று. சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, மிஷினை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நீங்களே இப்படிக் கேக்கலாமாக்கா?" என்றார்.